சத்தமாகச் சொல்லுங்கள், டாக்டர்

சோப்பு ஆலையில் சோப்புக் கட்டிகளை அடுக்கும் அவள் புண்ணை மறைக்க எப்போதும் கையுறை போட்டிருந்ததால், அவளை எல்லாரும் கையுறைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கரப்பான் வெடித்து நீர் வடிந்தது. ஆலை டாக்டர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "இதெல்லாம் ஒரு நோயாம்மா? போய் வேலையப் பாரு" என்று சீட்டில் 'லேசானது' எனக் கிறுக்கினார். அந்த ஒரு சொல்லால் அவளுக்கு லீவும் கிடைக்கவில்லை, வேறு வேலையும் கிடைக்கவில்லை.

இவரைச் சும்மா விடுவதில்லை என்று அன்றே கருவிக்கொண்டாள். வெளி ஆஸ்பத்திரி நர்ஸ் அவள் தோலைச் சோதித்து, சிவப்புக்கு, வீக்கத்துக்கு, வெடிப்புக்கு என்று தனித்தனியாக மூன்று வரை மதிப்பெண் போட்டாள்; மூன்று என்றால் மிகக் கடுமை. "எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா" என்று கேட்டு, கையுறைக்காரி அளக்கும் முறையைக் கற்றுக்கொண்டாள்.

பிறகு சாப்பாட்டு இடைவேளைகளில் கூட வேலை செய்யும் பதினோரு பேரின் கைகளை அளந்தாள். எட்டுப் பேருக்குக் கடுமை என்றே வந்தது. தாள்களைத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அதிகாரி ஆலைக்கே வந்து, எல்லார் முன்னாலும் டாக்டரையே அளக்கச் சொன்னார். டாக்டர் முதல் தடவையாக அவள் கையைத் தொட்டார்.

"சிவப்பு... மூணு" என்று முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க டாக்டர். பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

"மூணு!"

"வெடிப்பு?"

"அதுவும் மூணு."

அவளுக்கு வேறு வேலை கிடைத்தது, டாக்டருக்கு வேலை போனது. அவர் படியிறங்கியபோது வாசல் கதவை அவளே அகலத் திறந்துவிட்டாள். மன்னிக்க மனசு வரவில்லை. வரவழைக்க அவள் முயலவும் இல்லை.