எந்தப் பட்டியலிலும் இல்லாத கிணறு

செவ்வாய்க்கிழமை காலை, மீன்கூடையை இறக்காமலேயே கன்னியம்மாள் எங்கள் வாசலில் நின்றாள். "சார், கெணத்து வூட்டு ஐயா பூட்டாரு" என்றாள். விடியற்காலையில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. தினமும் கூடை கழுவ அவள் முதலில் போவது தேவசகாயம் சார் வீட்டுக்குத்தான். நான்கு வீடு தள்ளி இருக்கும் எனக்கு அவள் சொல்லித்தான் தெரிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் தேவசகாயம் சாரும் நானும் கிழக்குத் தாம்பரத்துக்குக் குடிவந்தோம். அவர் தபால் நிலைய எழுத்தர், மத்திய அரசு. நான் பத்திரப் பதிவு அலுவலகம், மாநில அரசு. மாலையில் ரயிலடி டீக்கடையில் இது போதாதா சண்டைக்கு? "எல்லா அதிகாரமும் டெல்லிக்குன்னா, நாங்க மனு எழுதத்தான் இருக்கோமா?" என்று நான் மேசையைத் தட்டுவேன். அவர் சிரிப்பார். "டீ ஆறுது சார். எனக்குச் சம்பளம்தான் டெல்லி, தாகம் தாம்பரத்துலதான்" என்பார்.

பிறகு எங்கள் தெருவுக்கு ஒரு நலச்சங்கம் தொடங்கினோம். நான் செயலாளர். விதிகளை எழுதியவர் அவர். அரசியலமைப்புச் சட்டம் போலவே மூன்று பட்டியல் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தெருவிளக்கு, சாக்கடை, நாய்த்தொல்லை சங்கத்துக்கு. கோலம், கேட், ரேடியோச் சத்தம் வீட்டுக்கு. பொங்கல் பந்தலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் பொதுப்பட்டியல். இதற்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. "அப்போ காபி எந்தப் பட்டியல்?" என்று அவர் மனைவி அன்னம்மாள் கேட்டார்கள். "அது உன்னோடதும்மா. நாங்க மனு போட்டுக்கறோம்" என்றார் சார்.

இவ்வளவு எழுதியும் கிணற்றை எதிலும் சேர்க்க மறந்துவிட்டோம். அடுத்த கோடையில் தெருக் கிணறெல்லாம் வறண்டது. அவர் வீட்டுக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் இருந்தது. என் வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். அரசியலமைப்பில் பட்டியலில் இல்லாதது டெல்லிக்குப் போவது போல, இங்கே பட்டியலில் இல்லாத எல்லாமே சங்கத்துக்குச் சொந்தம், கிணற்றில் உறுப்பினர்கள் மட்டும் முறைவைத்து எடுக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சார் எழுந்தார். "டீக்கடையில மாநில சுயாட்சி, நம்ம தெருவுல மட்டும் டெல்லியா சார்?" என்றார்.

கூட்டமே சிரித்தது. எனக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. "கிணறு வெச்சிருக்கிறவர் பேச்சு வேற எப்படி இருக்கும்?" என்று கத்திவிட்டேன். அந்தச் சொல்லுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அவர் கோபப்படவில்லை. "பட்டியல்ல இல்லாதது வீட்டுக்கே இருக்கட்டும். ஓட்டு போடுங்க" என்றார். தலையாட்டியவர்களுக்கு அவரவர் மாமரமும் தென்னையும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். என் தீர்மானம் தோற்றது.

மறுநாள் காலை, வேறு வழியின்றிக் குடத்தோடு போனேன். கேட் விரியத் திறந்திருந்தது. புதுக் கயிறு, புது வாளி. வரிசையில் முதல் ஆள் கன்னியம்மாள். "நான் இன்னா, உங்க சங்கத்துல மெம்பரா சார்? இவரு வூட்டுக் கெணறா இருந்தாத்தானே எனக்குத் தண்ணி" என்றாள். அவளை என் தீர்மானம் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சார் என் குடத்தை வாங்கி நிரப்பினார். "வாங்க செயலாளர் சார், மாநிலம் தானாவே குடுக்குது" என்றார். என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

மழை வந்தது, மற்றக் கிணறுகளும் நிறைந்தன. அந்தக் கேட்டுக்கு மட்டும் அதன் பிறகு தாழ்ப்பாள் போட்டதில்லை. ஆண்டுதோறும் அவரே கயிறு மாற்றுவார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது பார்த்தேன், கயிறு நைந்து கிடந்தது. கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கிவந்து கட்டினேன். முதல் வாளியைக் கன்னியம்மாள் இறைத்தாள்.

தேவசகாயம் சார், கயிறும் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாதது வீட்டுக்கு என்றீர்கள். இனி அது என் வீட்டுக்கு. போய்வாருங்கள் சார்.