ஊசியக்கா வண்டி பார்த்த கதை

அந்தப் பக்கத்துத் தெருக்களில் அவளை எல்லாரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை. விடிந்தும் விடியாததுமாக வீடு வீடாகப் போக வேண்டும். வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளின் கையில் ரத்தம் எடுக்க வேண்டும். குப்பிகளைக் குளிர்ப்பெட்டியில் அடுக்கி வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பசியோடு இருக்கிறவர்களுக்குக் கோபம் மூக்குநுனியில் நிற்கும். கொஞ்சம் தாமதமானாலும், "காப்பி குடிச்சிடவா, வேண்டாமா, சொல்லித் தொலை" என்று போனில் பாய்வார்கள்.

அப்படிப்பட்டவளுடைய ஸ்கூட்டர் ஒரு நாள் நட்டநடுச் சாலையில் உயிரை விட்டது. மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க. பழைய வண்டி ஒண்ணு பாருங்க. ஆனா எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். சூடா இருக்கிற வண்டி தன் நோய வெளிய காட்டாது."

கப்பலில் சமையல் வேலை பார்க்கும் அவளுடைய கணவன் போனில் ஒரே வரி சொன்னான்: "தனியா போகாத, அத்தானக் கூட்டிட்டுப் போ."

பிடித்தது சனி.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர். இதுவரை இரண்டு வண்டி வாங்கியிருக்கிறார், இரண்டும் ஷோரூமிலிருந்து நேராக வந்த புது வண்டிகள். ஆனாலும் வண்டி விஷயத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது என்று குடும்பத்தில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவர்தான் என்று அக்கா சொல்வாள்.

முதல் வண்டியை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே நிறுத்தியிருந்தார்கள். விற்கிறவர் கல்லூரி ஆசிரியர். அத்தான் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். இரண்டு டயரையும் ஷூ நுனியால் தட்டினார். தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லா இருக்கு" என்றார்.

ஊசியக்கா குனிந்து எஞ்சின் பக்கம் கையை வைத்தாள். சுரீர் என்றது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"சார், எஞ்சின் கொதிக்குதே?"

ஆசிரியர் பதிலை அத்தானுக்குச் சொன்னார். "காலைல பால் வாங்கப் போயிட்டு வந்தேன் சார்."

அப்போது சாயங்காலம் ஆகியிருந்தது.

"காலைல வாங்கின பாலே இந்நேரம் ஆறிப்போயிருக்குமே" என்றாள் ஊசியக்கா. ஆசிரியர் அதற்கும் அத்தானைப் பார்த்தே சிரித்தார். திரும்பி வரும் வழியெல்லாம், பெரிய மனுஷர்களிடம் அப்படிப் பேசக்கூடாது என்று அத்தான் அவளுக்குப் பாடம் நடத்தினார்.

இரண்டாவது வண்டி ஒரு தரகரிடம் இருந்தது. பழைய வண்டிகளை வாங்கித் துடைத்து மினுக்கி விற்பவர். மாம்பழ மஞ்சளில் அந்த ஸ்கூட்டர் வெயிலில் தகதகவென்று நின்றது. அத்தான் பார்த்த மாத்திரத்தில் சொக்கிப்போனார்.

"கலரப் பாரு, கலரப் பாரு!"

"கலரு மேலயா உக்காந்து போகப் போறேன்?" என்றாள் அவள்.

மீட்டரோ வண்டி அதிகம் ஓடவில்லை என்றது. ஆனால் கைப்பிடி ரப்பர் சோப்புத் துண்டு மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. கால் வைக்கும் இடத்தில் விரிப்பு நைந்து இரும்பு தெரிந்தது. மீட்டர் பொய் சொல்கிறதா ரப்பர் பொய் சொல்கிறதா என்று தரகரைக் கேட்டாள். "மேடம், முன்னாடி வெச்சிருந்தவருக்குக் கை ரொம்ப வியர்க்கும்" என்றார் அவர், கண் இமைக்காமல்.

இந்த எஞ்சினும் சூடு. ஆறட்டும் என்று உட்கார்ந்தால் இருட்டிவிடும் போலிருந்தது. சரி, ஓட்டியாவது பார்ப்போம் என்று எடுத்துக்கொண்டு போனாள். நேரான சாலையில் கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தாள். வண்டி தானாகவே வலப் பக்கம் ஒதுங்கி ஒதுங்கிப் போனது, தெரிந்தவர் வீட்டைப் பார்த்துவிட்ட மாதிரி. எங்கேயோ பலமாக விழுந்து எழுந்த வண்டி என்று அவளுக்குப் பட்டது. இதைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று திரும்பி வந்தாள்.

அத்தானும் தரகரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"முடிச்சுட்டேன்" என்றார் அத்தான், பல்லெல்லாம் தெரிய.

"யாருக்கு முடிச்சீங்க?"

"உனக்குத்தான்."

"அத்தான், வண்டி ஒரு பக்கமா இழுக்குது. எனக்கு வேண்டாம்."

"இழுத்தா நீ இந்தப் பக்கம் பிடிச்சு ஓட்டு. நான் வாக்கு குடுத்துட்டேன்ல?"

"அப்ப நீங்களே ஓட்டுங்க. காலைல ரத்தமும் நீங்களே போய் எடுத்துட்டு வந்துடுங்க."

தரகர் எதுவும் காதில் விழாதவர் போல மஞ்சள் வண்டியைத் துடைக்கத் தொடங்கினார். அத்தானின் முகம் கறுத்தது.

அடுத்த நாள் அக்கா போன் செய்தாள். "என்னடி பண்ணின? மனுஷன் முகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்காரு. கடைக்கு வந்தவங்களுக்குக் கூட ஒழுங்கா அளவு எடுக்கலையாம்."

"நான் என்ன பண்ணினேன்? வண்டி வேண்டாம்னேன்."

"அதச் சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கலாம்ல?"

ஊசியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளிர்ப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் இடிபடுகிறவள் அவள். போகிற வீட்டிலெல்லாம் திட்டு வாங்குகிறவளும் அவள். இதில் சிரிக்கவும் வேண்டுமாம்.

மூன்றாவது வண்டியைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. விற்கிறவர் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார். அன்று அவளுக்கு விடுமுறை, விடிகாலையிலேயே போய்க் கதவைத் தட்டினாள். வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு அவர் வந்து நின்றார்.

"சாயங்காலம்னுதானே சொன்னேன்?"

"சாயங்காலம் வேற வேலை வந்துடுச்சு சார்" என்று கூசாமல் பொய் சொன்னாள்.

வண்டி சாம்பல் நிறம், துடைத்து நாளாகியிருந்தது. எஞ்சினைத் தொட்டாள். கல் மாதிரி குளிர்ந்திருந்தது. பொத்தானை அழுத்தினாள், முனகிவிட்டு ஓய்ந்தது. பேட்டரி செத்துவிட்டது என்று நீச்சல் ஆசிரியர் ஒப்புக்கொண்டார். காலால் உதைத்தாள். மறுபடி உதைத்தாள். மூன்றாவது உதையில் இருமிக்கொண்டு கிளம்பியது. பின்னால் போய்ப் புகையைப் பார்த்தாள். எண்ணெய் எரிந்தால் வரும் நீலப் புகை எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே ஓட விட்டாள். நின்றுபோகாமல் ஒரே சீராக ஓடியது.

"இடது பக்கம் கீறல் இருக்கே, எங்க விழுந்தீங்க?"

"நான் விழல. என் பொண்டாட்டி கேட்டுல இடிச்சா." அவர் குரலைத் தாழ்த்தினார். "மெதுவா பேசுங்க, உள்ள தூங்கறா. கேட்டுதான் வந்து அவள இடிச்சதுன்னு சொல்லுவா."

பல நாட்களுக்குப் பிறகு ஊசியக்கா அன்றுதான் சிரித்தாள். தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தாள். கைப்பிடி நேராக நின்றது, பிரேக் மட்டும் கிறீச்சிட்டது. வண்டிச் சட்டத்தில் பொறித்திருந்த எண்ணைப் போன் வெளிச்சத்தில் குந்தி உட்கார்ந்து பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தாள். அடுத்த நாள் மெக்கானிக்கும் வந்து பார்த்துச் சரி என்றார். நீச்சல் ஆசிரியர் பேட்டரியை மாற்றித் தருவதாகப் பேச்சு முடிந்து, வண்டி வீட்டுக்கு வந்தது.

அதற்கும் ஒரு கோளாறு இருக்கத்தான் செய்தது. கைப்பிடியை முழுக்க இடப் பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அலறும். மற்றபடி ஒரு காலையும் அவளைக் கைவிடவில்லை. நோயாளிகள் வேறு காரணங்களுக்காகத் திட்டத் தொடங்கினார்கள்.

சில வாரம் கழித்து அக்கா வீட்டுச் சாப்பாட்டில் உறவுக்காரர் ஒருவர் வண்டியைப் பற்றி விசாரித்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார்.

"ரெண்டு வண்டிய வேண்டாம்னு ஒதுக்கிட்டு இதப் பிடிச்சோம். பழைய வண்டின்னா எஞ்சின மொதல்ல தொட்டுப் பாக்கணும். சூடா இருந்தா வாங்கவே கூடாது. யாருக்குத் தெரியுது இதெல்லாம்?"

ஊசியக்காவுக்குப் புரையேறியது. அக்கா தண்ணீரை நீட்டிக் காதோடு சொன்னாள்: "விடுடி. அவரு வாங்கினதாவே இருக்கட்டும். ரிப்பேர்னா அவரையே கூப்பிட்டுக்கலாம்."

அந்த யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது. அடுத்த விடுமுறை நாளில் அத்தானுக்குப் போன் போட்டு, நீங்கள் வாங்கித் தந்த வண்டியில் ஹாரன் சரியில்லை என்றாள். அவர் வந்து, முன்மூடியைக் கழற்றி, வெயிலில் உட்கார்ந்து மத்தியானம் வரை ஒயர்களோடு மல்லுக்கட்டினார். மூடியைத் திரும்ப மாட்டியபோது கையில் இரண்டு திருகாணி மிச்சம் இருந்தது. ஹாரன் இப்போது வலப் பக்கம் திருப்பினாலும் அலறுகிறது.