செங்கல் காவடி

மதுரையில் டயர் கடை வைத்திருக்கிறேன். வருடத்தில் சில வாரங்கள் மட்டும் சீருடை போடும் பகுதிநேர ராணுவ லெப்டினன்ட்டும்கூட. மலைப்போர்ப் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததும், முதுகுப் பையில் செங்கல் அடுக்கிக்கொண்டு விடியற்காலையில் சமயநல்லூர் வரை நடந்து பழகப் புறப்பட்டேன். ஒருநாள்கூடப் போய்ச் சேரவில்லை. தோள் வலித்ததும் ஷேர் ஆட்டோ ஏறிவிடுவேன். இந்த லட்சணத்தில் பயிற்சிக்குப் போனால் முதல் வாரமே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தைப்பூசம் நெருங்கிய ஒரு காலையில், பழனிக்குப் போகும் பாதயாத்திரைக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டேன். வழக்கம்போல ஆட்டோவுக்குக் கை நீட்டியபோது, சாலையோரம் மோர் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா ஓடிவந்து என் பூட்ஸ் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் கும்பிட்டார்.

"ஐயோ, நான் பழனிக்குப் போகலக்கா. மிலிட்டரி ட்ரெய்னிங்குக்காக நடந்து பழகுறேன். பையில வெறும் செங்கல்லுதான்!"

அவரோ கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "ஏய், இங்க பாருங்கப்பா, மிலிட்டரிச் சாமி! செங்கக் காவடி எடுத்து வாராரு!"

"அரோகரா!" என்றது கூட்டம்.

அதற்கப்புறம் எங்கே ஆட்டோ ஏறுவது? சிரித்துக்கொண்டே சமயநல்லூரையும் தாண்டி நடந்துவிட்டேன்.

பிறகு பயிற்சியில், கடைசி ஏற்றத்தில் மூச்சு முட்டியபோது என்னையறியாமல் "அரோகரா" என்றேன். பின்னால் வந்த பஞ்சாபிக்காரர், அர்த்தம்கூடக் கேட்காமல், என்னைவிடச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

பழனிக்கு நான் இன்னும் நடந்ததில்லை. போனால் அந்தப் பஞ்சாபிக்காரரோடுதான் போக வேண்டும்.