மச்சினன் கை

என் கணவர் இருபத்தாறு வருடம் இஸ்திரி போட்டவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததும் அந்தக் கைக்கு மச்சினன் என்று பெயர் வைத்தார்.

"வந்து உட்கார்ந்துட்டான். ஒரு துரும்பக்கூட நகர்த்த மாட்டேங்குறான்."

என் தம்பி ஒருமுறை நாலு மாதம் எங்கள் வீட்டில் அப்படித்தான் தங்கியிருந்தான். குத்தல் எனக்குத்தான். கை விழுந்தும் வாய் விழவில்லை மனுஷனுக்கு.

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், விழுந்த கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு ரோபோ இருந்தது. கண்ணை உருட்டும் பொம்மை மனிதனை எதிர்பார்த்துப் போனேன்; மேசைமேல் வளைந்த இரும்புக் கரம் ஒன்று, அவ்வளவுதான். அவருடைய முன்கையை அதில் பட்டையால் கட்டுவார்கள். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி ஓடும். கை அதன் பின்னால் போக வேண்டும். அவர் முயன்றால் இயந்திரம் தன் உதவியைக் குறைத்துக்கொள்ளும், சும்மா இருந்தால் அதுவே இழுத்துப் போகும். இவர் பல்லக்கில் போகிற மாதிரி சும்மாதான் இருந்தார்.

"இருபது நாளுக்குள்ள கை கொஞ்சமாவது தானா அசையணும்மா. இல்லேன்னா இந்த நேரத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவாங்க" என்று பயிற்சி தரும் பெண் முதல் நாளே சொல்லியிருந்தாள். பத்தொன்பது நாள் போய்விட்டது.

இருபதாம் நாள் மழைக்கு முந்தைய மதியம். இயந்திரம் மெல்ல முனகிக்கொண்டு போனது, வந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார்.

"என்னங்க, தூங்குறீங்களா?"

"இல்ல. நீராவி வாசனை வருது பாரு."

எனக்கு மருந்து வாசனைதான் வந்தது. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்க, ஜன்னலின் வெள்ளைத் திரை உலர்த்திய போர்வை போல உப்பியது. சுவர்கள் மங்கின. நாங்கள் பழையபடி எங்கள் இஸ்திரிக் கடையில் இருந்தோம். அவர் தேய்க்கிறார், எதிரே நின்று நான் மடிக்கிறேன். எனக்கும் கண் சொக்கியது.

இயந்திரம் டக்கென்று நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி ஓடவிட்டாள் அந்தப் பெண். அதே இடத்தில் மறுபடியும் நின்றது. மூன்றாம் தடவையும் அப்படியே.

"ஐயா, புள்ளியோடயே போங்க. கடைசியில ஏன் ஓரமா இழுக்குறீங்க? வழி தப்பினா மெஷின் நின்னுடும்."

நானும் திட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன். மேசையின் கோடிக்கு வந்ததும் முழங்கை சற்று வெளியே போனது, கை ஒரு சிறு வளைவு எடுத்தது. சட்டைக் கையின் முனையில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கை அப்படித்தான் திருப்புவார். இருபத்தாறு வருடம் எதிரே நின்றவளுக்குத் தெரியாதா?

"அது தப்பு இல்லம்மா. பொத்தானைச் சுத்திட்டு வர்றாரு."

அவள் திரையில் இருந்த எண்களைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது மெஷின் இழுத்தது இல்ல. ஐயாவே இழுத்திருக்காரு."

உதவியைப் பாதியாகக் குறைத்து, புள்ளியின் வழியில் ஒரு வளைவையும் வைத்தாள். புள்ளி போய் வளைந்து திரும்பியது. கை பின்னாலேயே நடுங்கிக்கொண்டு போய் வளைந்து திரும்பியது.

"சீக்கிரங்க. பொத்தான் உருகிடப் போகுது" என்றேன்.

"எனக்கே சொல்றியா?"

கண்ணைத் திறந்தார். தன் கையையே பார்த்தார்.

"உன் தம்பிக்கு வேலை கிடைச்சிடுச்சு" என்றார்.

அடுத்த இருபது நாளுக்கான சீட்டை எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "நல்ல சேதிதானேம்மா, அதுக்கு ஏன் அழறீங்க? தம்பிக்கு என்ன வேலை?"

"இஸ்திரி" என்றேன்.