ரோஸும் பச்சையும் முறுக்கிய கயிறு

கயிறு வாங்கித் தந்தது சித்தி. திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து லீவுக்கு வந்தவள், திருச்செந்தூருக்குப் போன இடத்தில், என் பாவாடைக்குப் பொருத்தமாக இருக்கிறதென்று ரோஸும் பச்சையும் முறுக்கிய கயிறொன்றை மணிக்கட்டில் கட்டிவிட்டாள். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கயிற்று நிறத்தைப் பார்த்தே இன்ன சாதிப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் அந்தப் பாடம் இல்லாததால் எனக்கு அது தெரியாது. வெளியூரிலேயே இருந்த சித்திக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் மத்தியானம் குழாயடியில் பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் என்னை மறித்தார்கள். அவர்கள் கையிலும் அதே கயிறு. ஒரே மாதிரி இருக்கிறதே என்று நான் பல்லை வேறு காட்டித் தொலைத்தேன்.

"ஏளா, உப்பளத்துப் பிள்ளதான நீ? எங்க கயித்த ஒனக்கு யாரு கட்டுனது?"

வாயைத் திறப்பதற்குள் ஒருவன் பிளேடால் அறுத்தான். கயிற்றோடு தோலும் கொஞ்சம் கிழிந்தது. "எங்க தெரு வழியாத்தான வாரே? இனிமே வா, பாத்துக்கிடுதோம்" என்றான் மற்றவன்.

எனக்குத் தோல் எரிந்தது பெரிதாகத் தெரியவில்லை. வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்களே என்றுதான் பயந்தேன். அடுத்த வீட்டு அக்கா ஏதோ வம்பில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, அம்மாவோடு உப்பு அள்ளிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அம்மா காயத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மஞ்சள் வைத்தாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் என்னை இழுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். அவர் நல்லவர்தான். யாரிடமும் சத்தம் போட மாட்டார், யாரிடம் போட வேண்டுமோ அவர்களிடமும்.

"ஏம்மா, இத ஊர்ப் பிரச்சினையா ஆக்க வேண்டாம். டி.சி. தாரேன், பிள்ளைய வேற பள்ளிக்கூடத்துல சேத்துருங்க."

படிப்பு போயிற்று என்று நினைத்தேன்.

"அறுத்தவன் இங்கன படிப்பான், அறுபட்டவ வெளிய போணுமாக்கும்? நல்லா இருக்கு சார் நியாயம்!" என்றாள் அம்மா. "கவருமெண்டு பள்ளிக்கூடம் எம்புள்ளைக்கும் சேத்துத்தான. அவ எங்கயும் போவ மாட்டா. நீங்க விசாரிக்கலன்னா நான் கலெக்டர் ஆபீஸ்ல போயி நிப்பேன்."

உப்பளத்தில் வேலை வாங்கும் கங்காணியிடம்கூட நிமிர்ந்து பேசாதவள். என் கையை விடாமல் மேசைக்கு முன்னாலேயே நின்றாள்.

அன்றே அந்தப் பையன்களின் அப்பாக்களை வரச் சொன்னார்கள். மறுநாள் காலை வணக்கத்தில் விளையாட்டு வாத்தியார் கத்திரிக்கோலோடு வரிசை வரிசையாக வந்து, எல்லார் கைக் கயிற்றையும் வெட்டி வாளியில் போட்டார். அந்தப் பையன்களின் கயிறும் விழுந்தது. அப்பாடா, ஒழிந்தது என்று நான் குதிக்காத குறைதான்.

அதன்பிறகு அம்மா என்னை அந்தப் பையன்களின் தெரு வழியாக விடவில்லை. காலையில் பாதி வேலையில் வந்து, உப்புப் பாத்தி வரப்பு வழியாகச் சுற்றி என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போவாள். சாயங்காலமும் வாசலில் நிற்பாள். கங்காணியிடம் தினமும் ஏச்சு வாங்கினாள். எனக்கோ கொண்டாட்டம். அம்மாவுக்கு என்னோடு நடப்பது அவ்வளவு பிடித்துவிட்டதென்று நினைத்தேன். பின்னால் பைக் சத்தம் கேட்டால் நின்று திரும்பிப் பார்ப்பாள். வேடிக்கை பார்க்கிறாளாக்கும் என்று நானும் பார்ப்பேன்.

உப்பு வாரும் பலகையை நீளக் கம்போடு தோளில் போட்டுக்கொண்டுதான் வருவாள். மற்றப் பெண்கள் அதைப் பாத்தியிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்கள்.

"யம்மா, இத எதுக்குத் தூக்கிட்டு அலையுத?"

"அங்கன போட்டா எவளாவது எடுத்துட்டுப் போயிருவா."

நானும் நம்பினேன். ஆளுக்கொரு பலகை இருக்கும்போது அம்மாவின் பலகையை யார் எடுப்பார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.