நான் போட்ட ‘சிட்டி வியூ’ ரூம்

என் கணவர் கும்மிடிப்பூண்டியில், கட்டடக் கம்பி உருட்டும் மில்லில் ஃபிட்டர். வேலை விஷயமாக வெளியூர் ஓட்டல்களில் தங்கித் தங்கி அவருக்கு, இலவசமாக ரூம் போட உதவும் பாயிண்ட்ஸ் சேர்ந்திருந்தது. அதை வைத்து, மும்பையில் கடல் தெரிகிற மாதிரி ரூம் போடச் சொன்னார். போனில் ‘சிட்டி வியூ’ என்று இருந்தது. எங்களுக்கு சிட்டிக்குப் போவதென்றால் சென்னை பீச் ஸ்டேஷன் ரயில் ஏறுவதுதான். அதனால் கடல் தெரியும் என்று நம்பிப் போட்டுவிட்டேன்.

ரூமில் திரையை விலக்கினால் எதிரே பாதி கட்டிய கட்டடம்! பல வருஷப் பாயிண்ட்ஸை வீணாக்கிவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ ஜன்னலை விட்டு நகரவில்லை.

“இன்னாங்க, அப்படி இன்னா பாத்துக்கினு இருக்கீங்க?”

“மேல பாரு. சிமென்ட் போடாம நிக்குதே, அந்த மாதிரி கம்பிதான் நாங்க உருட்டுறது.”

அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலிக்கும் உயரம் வரை கம்பிகள். நெருப்புப் பொறி பட்டு ஓட்டையான அவர் சட்டைகளைத் தைக்கும்போதெல்லாம் முனகுவேன். இத்தனை மாடியைத் தாங்குகிற வேலையா அது?

இப்போது ரூம் போடுமுன், ஜன்னலில் என்ன தெரியும் என்று ஓட்டலுக்கே போன் செய்து கேட்டுவிடுகிறேன். போன வாரமும் ஓட்டையோடு ஒரு சட்டை வந்தது. முனகாமல் தைத்தேன்.