ஜப்பான் வாத்தியாரும் குற்றாலத்து அருவியும்

தென்காசி ஸ்டேஷனில் நாங்கள் இறங்கியபோது காலை எட்டு மணி இருக்கும். ஆனி மாதத்துச் சாரல் கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் சட்டையை நனைத்துக்கொண்டு விழுந்தது. கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பலுக்கு மாறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயில் ஏறி, மதுரையிலும் விருதுநகரிலும் வண்டி மாறி, இரண்டு இரவு உட்கார்ந்தே வந்ததில் என் இடுப்பு கழன்று போயிருந்தது. என்னோடு வந்தவர் மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி இறங்கி, ரயில் எஞ்சினைப் பார்த்து இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டார். கும்பிடு டிரைவருக்கா, எஞ்சினுக்கா, வழியில் காப்பாற்றிய தெய்வத்துக்கா? எனக்கு விளங்கவில்லை. அவரிடம் கேட்கலாம் என்றால் அதற்கு என்னிடம் இருந்த ஜப்பான் பாஷை போதாது.

அவர் பெயர் இஷிதா. கோபே நகரத்தில் வெளிநாட்டாருக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். புத்த கோயில் பரம்பரை என்பதால் தலை மொட்டை. இலங்கையில் கோயில்களைத் தரிசிக்க வந்திருந்தார். கொழும்பில் நான் வேலை பார்த்த ஜவுளிக் கடைக்குப் பட்டு கொடுக்கும் ஜப்பான் ஏஜெண்டுதான் எங்களைப் பழக்கிவைத்தவர். அந்த ஏஜெண்டிடம் ஒரு வருஷம் மாலை நேரங்களில் அவர்கள் பாஷையை நான் கற்றிருந்தேன். கற்றதெல்லாம் ஜவுளிப் பாஷை. ‘கஜம் என்ன விலை’, ‘இந்தச் சாயம் போகாது’, ‘சரக்கு எந்தக் கப்பலில் வருகிறது’ என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ‘எங்கள் அப்பா பயப்படுகிறார்’ என்று சொல்லத் தெரியாது.

கோபேயில் அவர் வீட்டிலேயே தங்கி, பாஷையையும் அவர்கள் வாழ்கிற விதத்தையும் இரண்டு வருஷம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. கடை முதலாளி செலவுக்குச் சம்மதித்துவிட்டார். வாத்தியார் மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “உன் தந்தையைப் பார்க்க வேண்டும்” என்றார். அவ்வளவுதான். அதற்காகத்தான் இந்த யாத்திரை.

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்றரை மைல். குதிரை வண்டிக்காரர் எட்டணா கேட்டு ஆறணாவுக்கு இறங்கினார். வண்டி நகர்ந்ததும் வாத்தியாரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இவிய பட்டு விக்க வந்த சீனாக்காரவியளா? மூட்டையைக் காணுமே.”

“சீனா இல்லே, ஜப்பான்.”

“அது எங்கன இருக்கு?”

“சீனாவுக்கு அங்கிட்டு.”

“அப்பம் மூட்டை பின்னால கப்பல்ல வருதாக்கும்” என்று அவரே முடிவு கட்டிவிட்டார். இரண்டு பக்கமும் வயல், எதிரே மலை, மலையின் தலையில் மேகம். வாத்தியார் மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். “தண்ணீர் இருக்கும் மலை” என்றார். அதைப் பதிலாக எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

என் அப்பா தென்காசியில் நெல் வியாபாரி. முழங்கால் வாதத்துக்காக ஒரு மண்டலம் அருவியில் நிற்பது என்று குற்றாலத்தில், கோயிலுக்குப் பக்கத்தில், ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். நாங்கள் உள்ளே நுழைந்ததும் “வாங்க, வாங்க” என்று எழுந்தார். வாத்தியார் அப்படியே தரையில் முழந்தாளிட்டு, இரண்டு கைகளையும் ஊன்றி, நெற்றி தரையில் படும்படி குனிந்தார். மொட்டைத்தலைச் சாமி ஒருவர் தன் காலில் விழுவதா என்று அப்பா பதறி, வாத முழங்காலையும் பார்க்காமல் தானும் விழுந்தார். விழுந்த அப்பாவைப் பார்த்து வாத்தியார் இன்னும் தாழ்ந்தார். இரண்டு தலைகளும் தரையில் கிடக்கின்றன. முதலில் எழுவது மரியாதையில்லை என்று இருவருமே நினைத்தால் நான் என்ன செய்வது? கடைசியில் அப்பாதான், “ஏலே சம்முவம், எந்திரிக்கச் சொல்லுலே, எனக்கு முட்டு போச்சு” என்றார்.

அப்பாவின் மனத்தில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். என் அண்ணன் பினாங்கில் இறந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு போனவர் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்தான். காய்ச்சலில் விடுதி அறையில் தனியாகக் கிடந்திருக்கிறான். தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். நானும் அவ்வளவு தூரம், ஜப்பானுக்குப் போகிறேன் என்று கொழும்பிலிருந்து கடிதம் எழுதியபோது அப்பா பதிலே போடவில்லை. இப்போதும் காப்பி, இட்லி, கப்பல் பயணம், ஜப்பானில் நெல் விளையுமா என்று எல்லாவற்றையும் விசாரித்தாரே தவிர, என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாத்தியாரும் அதை எடுக்கவில்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பதற்கு ஒன்றுமில்லாத மொழிபெயர்ப்பாளனாக நான் உட்கார்ந்திருந்தேன்.

மாலை நான்கு மணிக்கு அருவிக்குப் புறப்பட்டோம்.

குற்றாலம் போகாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அங்கே குளிப்பது என்பது தனி ஆள் செய்கிற காரியம் இல்லை. முதலில் மரத்தடியில் எண்ணெய் தேய்ப்பவர்களிடம் உடம்பை ஒப்படைக்க வேண்டும். அவர்கள் நம்மை உருட்டிப் புரட்டி, முதுகில் தாளம் போட்டு அனுப்புவார்கள். பிறகு வழுக்கி வழுக்கிப் பேரருவிக்குக் கீழே போய், முன்பின் தெரியாத நூறு பேருடைய முதுகுக்கும் முழங்கைக்கும் நடுவில் தலையை நுழைக்க வேண்டும். தண்ணீர் மண்டையில் அடிக்கும்போது எல்லோரும் கத்துவார்கள். ஏன் என்று தெரியாது, நானும் கத்துவேன். பின்னால் நிற்பவன் தள்ளுவான், நாம் நகர்ந்து இடம் கொடுப்போம், மறுபடி நுழைவோம்.

வாத்தியார் எண்ணெய்க்குத் தலையைக் கொடுத்தார். அவர்கள் ஊரில் அழுக்கைக் கழுவிக்கொண்டுதான் தண்ணீருக்குள் போவார்களாம். எண்ணெயைப் பூசிக்கொண்டு போவது அவருக்கு எப்படி இருந்ததோ, முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அருவிக்கு முன்னால் போய் நின்று, மறுபடி ஒரு கும்பிடு. பிறகு உள்ளே போனார்.

போனவர் அசையவில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கோத்து, கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீரின் நடு மத்தியில் நட்ட கல்லாக நின்றுவிட்டார். உதடு மட்டும் முணுமுணுத்தது. முதலில் தள்ளிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக விலகினார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கத்துவதை நிறுத்திவிட்டது. குற்றாலத்தில் சீசன் நேரத்தில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

“சாமி வந்திருக்கு போல” என்றார் ஒருவர்.

“சாமியும் இல்லே ஒண்ணும் இல்லே. ஜன்னி. உதட்டைப் பாரும், நீலம் பாரிச்சிருக்கு” என்றார் இன்னொருவர்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கூப்பிடலாமா, கூடாதா? இது வழிபாடா, நோயா? ஜவுளிப் பாஷையில் இதற்கு என்ன சொல்வது? நான் விழித்துக்கொண்டு நிற்கையிலேயே அப்பா என்னைத் தாண்டிப் போனார். வாத முழங்கால் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வாத்தியாரின் இடுப்பைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டி, ஒரே இழுப்பாக இழுத்து, பாறையில் உட்காரவைத்தார். வேட்டித் தலைப்பைப் பிழிந்து அவர் தலையைத் துவட்டினார். உள்ளங்கால் இரண்டையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பரபரவென்று தேய்த்தார்.

வாத்தியார் கண்ணைத் திறந்தார். கோபமா, திகைப்பா, ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் எதையும் படிக்க முடியாது என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

அறைக்குத் திரும்பும் வழியில், தமக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையையும் கலந்து அவர் எனக்கு விளக்கினார். அவர்கள் மலையில் அருவிக்குக் கீழே அப்படி நிற்பது ஒரு தவம். தொடங்கிய மந்திரத்தை முடிக்காமல் வெளியே வரக் கூடாது. “அப்படி நிற்பவரை எங்கள் நாட்டில் யாரும் தொடுவதில்லை” என்றார். சரிதான், கோபே போன மாதிரிதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

சாப்பிட உட்கார்ந்தோம். இலையில் பாதிச் சோறு இருக்கும்போது வாத்தியார் அப்பாவைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: “உன் தந்தை என்னை ஏன் இழுத்தார்?” இழுப்பது என்ற சொல் எனக்குத் தெரியும். துணியின் பலத்தைப் பார்க்கும்போது ஏஜெண்டு சொல்வார்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டுவிட்டார்.

“இது என்னலே கேள்வி? ஒரு மனுசன் தண்ணிக்குள்ள கட்டை மாதிரி நின்னா, இழுக்காம வேடிக்கையா பாப்பாவ?” பிறகு குரல் இறங்கியது. “சம்முவம், நான் சொல்லுதத அப்படியே கேளு. என் பிள்ளை அங்கன வந்து இப்படி அசையாம நின்னுட்டான்னா, இவிய புடிச்சு இழுப்பாவளா? மூத்தவனை இழுக்க ஆள் இல்லே.”

இந்தக் கேள்விக்கு என்னிடம் என்ன சொல் இருந்தது? துழாவிப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் சரக்கும் கப்பலும்தான். “தந்தை கேட்கிறார்: அனுப்புகிற சரக்கு நனைந்து கெட்டால் பொறுப்பு யாருடையது?” என்றேன்.

“என்ன சரக்கு?” என்றார் வாத்தியார்.

நான் கையை என் நெஞ்சில் வைத்து, “இந்தச் சரக்கு” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். வீங்கியிருந்த அவர் முழங்காலைப் பார்த்தார். இலையில் இருந்த சோற்றை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்து, கைகழுவி வந்து, சுவர் ஓரமாக முழங்காலை மடித்து உட்கார்ந்துவிட்டார். நான் படுக்கும்போதும் அப்படியே இருந்தார், காலையில் எழுந்தபோதும் அப்படியே இருந்தார்.

மறுநாள் தென்காசி ஸ்டேஷனுக்கு அப்பாவும் வந்தார். அதே வண்டிக்காரர், அதே ஆறணா. “மூட்டை வந்து சேந்துட்டா?” என்று விசாரித்தார். வாத்தியார் பிளாட்பாரத்தின் கோடியில் மலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அப்பா என்னைத் தனியாக அழைத்தார்.

“என்ன சொன்னாவ?”

“ஒண்ணும் சொல்லலப்பா.”

“உங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போனவன்கிட்டயும் இதைத்தான் கேட்டேன். நான் வாயை மூடுததுக்குள்ள, ‘நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி’ன்னு சொல்லிட்டான். இவிய ராத்திரி பூரா உக்காந்து யோசிக்காவ. நானும் தூங்கலே, பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன்.” ரயில் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டார். “போயிட்டு வா.”

எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை. அப்பா சரி என்றுவிட்டார், சரி என்று சொல்ல வேண்டியவரோ இன்னும் சொல்லவில்லை. சங்கரன்கோவில் தாண்டும்போது வாத்தியார் வாயைத் திறந்தார். “கோபேயில் குளிர் அதிகம். கம்பளிச் சட்டை இரண்டு எடுத்துவா.” இது சம்மதமா, வானிலைச் செய்தியா? மதுரை வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கொழும்பில் ஏஜெண்டிடம் கேட்டபோது அவர் சிரித்தார். “கப்பல் டிக்கெட் வாங்கு” என்றார்.

கோபே வாழ்க்கையைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. முழங்காலை மடித்து உட்கார்ந்து கால் மரத்துப் போய், எழுந்திருக்கும்போது நான் விழுந்த விழுக்காடுகள் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்தச் செருப்பை எந்த அறை வாசலில் விடுவது என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். தூரிகையால் எழுத்து எழுதக் கற்றேன். அப்பாவுக்கு முழங்கால் வலி என்று சொல்லக் கற்றேன். பாஷை வளர வளர, யார் எதை எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்ற சந்தேகமும் வளர்ந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் வாத்தியார் ஊருக்கு வடக்கே மலைக்குப் போனார். நானும் வருகிறேன் என்றேன். அருவியில் நிற்க குற்றாலத்தானுக்குச் சொல்லித்தர வேண்டுமா? நாலு மைல் ஏறிப் போனால், நம் ஊர் ஓட்டுக் கூரையிலிருந்து மழைக்கு வழிகிற அளவுக்கு ஒரு தண்ணீர். இதற்கா இவ்வளவு பாடு என்று நினைத்தேன். சுற்றிலும் பாறைமேல் பனி. கத்துவதற்கும் ஆள் இல்லை, தள்ளுவதற்கும் ஆள் இல்லை. எனக்கு முன்னால் அவர் நின்றார், மந்திரத்தை முடித்தார், வந்தார். பிறகு நான் நின்றேன்.

தண்ணீர் தலையில் பட்டதும் உடம்பெல்லாம் ஊசி குத்திற்று. பற்கள் அடித்துக்கொண்டன. பிறகு குளிர் குறைந்த மாதிரி இருந்தது. நடுக்கம் நின்றது. அவர் சொல்லிக்கொடுத்த வரிகள் மறந்துபோயின. அப்படியே நின்றுவிடலாம் போல சுகமாக இருந்தது. எவ்வளவு நேரமோ தெரியாது. பின்னாலிருந்து இரண்டு கைகள் என் இடுப்பைக் கட்டின. ஒரே இழுப்பு. பாறையில் கிடந்தேன். வாத்தியார் தன் கம்பளியை என்மேல் போட்டு, என் உள்ளங்கால் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பரபரவென்று தேய்த்தார். அவருக்கு மூச்சு வாங்கிற்று.

“நிற்பவரைத் தொடக் கூடாது என்றீர்களே” என்று கேட்டேன். நாக்கு புரளவில்லை.

“தொடக் கூடாதுதான்” என்றார். தேய்ப்பதை நிறுத்தவில்லை. “சரக்கு என் பொறுப்பு.”

அன்றைக்கே அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டேன். அதில் ஒரே வரிதான் எழுதினேன்: இழுத்துட்டாவ, அப்பா.